பண்ணைக் கணக்கும் பண்ணையாளும்

"நிலமானிய முறை" என்னும் சொல் இன்று மேடைதோறும் ஒலிக்கின்றது. பிடிக்காத வழக்கம் எதுவாயினும், பிடிக்காத மனிதர் எவராயினும், இவ்வொரு சொல்லால் அடித்துவிட்டு அமர்வது பேச்சாளர்களுக்கு எளிதாகிவிட்டது. அச்சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், அம்முறையின்கீழ் வாழ்ந்த ஐரோப்பியக் குடியானவன் காலையில் எழுந்து யாருடைய நிலத்திற்கு ஏர் கொண்டு சென்றான், அவனுக்கென்று எஞ்சியது எவ்வளவு என்பவற்றை இப்பகுதியில் எழுதவேண்டும் என நம் சங்கத்து அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதிவேடுகளுக்கு நடுவே நாளைக் கழிக்கும் எனக்கு இது உவப்பான பணி. ஏனெனில் இக்கதையில் வாளைவிடக் கணக்கேட்டுக்கே இடம் மிகுதி.

முதற்கண் ஒன்று சொல்லிவிட வேண்டும். இடைக்காலத்தில் வாழ்ந்த எவரும் தாம் "நிலமானிய முறை"யில் வாழ்வதாகச் சொல்லிக்கொண்டதில்லை. பல நூற்றாண்டுகள் கழித்துச் சட்ட அறிஞர்களும் வரலாற்றாசிரியர்களும் சூட்டிய பெயர் அது. அப்பெயர் உண்மையைக் காட்டுவதைவிட மறைப்பதே மிகுதி என்று 1974இல் எலிசபெத் பிரவுன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞரும், 1994இல் சூசன் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கில அம்மையாரும் வாதிட்டனர். அறிஞர் பூசல் அவ்வாறே நடக்கட்டும். அரசன் பிரபுவுக்கு நிலம் கொடுத்துப் படை உதவி பெற்றான் என்பது மாடியில் நடந்த காரியம். அந்நிலத்தில் உழைத்தவனுக்கும் பிரபுவுக்கும் இடையே நடந்தது கீழ்த்தளத்துக் காரியம். அதற்குப் பெயர் "மேனர்". ஐரோப்பா முழுவதையும் ஒரு கட்டுரையில் அடக்க இயலாது. ஏடுகள் மிகுதியாக எஞ்சியுள்ள இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1066இல் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த வில்லியம், இங்கிலாந்தை வென்று இருபது ஆண்டுகள் கழித்து, 1086இல், தன் நாட்டில் யாரிடம் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கச் செய்தான். "டூம்ஸ்டே" ஏடு எனப்படும் அப்பெருங்கணக்கில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் இடம்பெற்றுள்ளன. எத்தனை கலப்பை, எத்தனை ஆலை, எத்தனை காடு என்பவற்றோடு மனிதர்களும் வகை வகையாக எண்ணப்பட்டனர். பதிவானவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முழு அடிமை. பெரும்பகுதியினர் அடிமையுமன்று, முழு உரிமை உடையவருமன்று என்ற இடைநிலையினர். அவர்களுள் முதன்மையானவர் "வில்லின்" எனப்பட்டனர். 'வில்லா' என்னும் பண்ணையைச் சார்ந்தவன் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். நாளடைவில் பண்பற்றவன், கயவன் என்று பொருள் திரிந்து, கடைசியில் நம் திரைப்படங்களில் கதாநாயகனோடு மோதும் 'வில்லன்' ஆகிவிட்டது. உழுதவன் பெயர் கயவன் பெயரானது எப்படி என்று கேட்பீர்களாயின், எழுதுகோல் எவர் கையில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மேனர் என்பது ஒரு சிற்றூரும் அதைச் சூழ்ந்த நிலமும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஓர் ஊரில் இரண்டு மேனர்கள் இருந்ததும் உண்டு. ஒரு மேனர் பல ஊர்களில் பரவியதும் உண்டு. நடுவே மாதாகோயில், அருகே பிரபுவின் இல்லம், ஓடைக்கரையில் மாவாலை, தெருவின் இருமருங்கும் களிமண் சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட வீடுகள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பெரும்பாலும் ஊரைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று பெருவயல்கள் இருந்தன; இடையே வேலி கிடையாது. ஒன்றில் கோதுமை அல்லது கம்புக்கோதுமை, ஒன்றில் வாற்கோதுமையும் பட்டாணியும், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும். ஒருவனுடைய நிலம் ஒரே இடத்தில் கிடக்காது. மூன்று வயல்களிலும் நீண்ட கீற்றுக் கீற்றாகச் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லார்க்கும் பங்காயின என்பது இதன் நன்மை. அண்டைவீட்டான் ஒரு சாண் தள்ளி உழுதுவிட்டான் என்ற வழக்கு ஓயாது என்பது இதன் தீமை.

எருதுகள் எட்டுப் பூட்டிய கனத்த ஏரை அடிக்கடி திருப்புவது கடினம். ஆகவே சால் நீளமாக ஓடும். ஒரு சாலின் நீளம் என்பதே ஆங்கிலத்தில் 'பர்லாங்' ஆயிற்று. 660 அடி. "இன்னும் இரண்டு பர்லாங்கு நடந்தால் ஊர் வந்துவிடும்" என்று நம் பாட்டன்மார் சொல்லி வந்தார்களே, அந்தப் பர்லாங்கு இதுதான். அந்நீளமும் 66 அடி அகலமும் கொண்டது ஓர் ஏக்கர்; ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடியது என்பர். எட்டு எருதுகள் ஒரு குடியானவனிடம் இருப்பது அரிது. இவன் இரண்டும் அவன் இரண்டுமாகச் சேர்த்துத்தான் பூட்டினர். ஆகவே எப்போது உழுவது, எப்போது விதைப்பது, அறுவடைக்குப்பின் எந்நாளில் மாடுகளை வயலில் விடுவது என்பதை ஊரே கூடி முடிவு செய்யவேண்டியிருந்தது. நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்னும் சிற்றூரில் இன்றும் மூன்று பெருவயல்கள் இம்முறையில் உழப்பட்டு வருகின்றன. ஆண்டுதோறும் ஊர்ப் பஞ்சாயத்தார் வயலைச் சுற்றி வந்து, பொதுவழியில் சால் ஏற்றியவர்களுக்கு அபராதம் போடுகின்றனர்.

இனி உழைப்புக்கு வருவோம். வில்லினுக்கு முப்பது ஏக்கர் இருந்தால் அவன் வசதியானவன். பதினைந்து ஏக்கர் உடையவர்கள் பலர்; ஒரு குடிசையும் தோட்டமும் மட்டும் உடையவர்களும் பலர். நிலத்துக்குப் பணமாகக் கொடுத்த குத்தகை சிறிது. உடலால் கொடுத்ததே பெரிது. மேனரின் ஒரு பகுதி பிரபுவின் சொந்தப் பண்ணை நிலம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் அவன் அந்நிலத்தில் வேலை செய்யவேண்டும். கூலி இல்லை. அறுவடைக் காலத்தில் இதற்கு மேலும் "வேண்டுகோள் வேலை" என்று ஒன்று உண்டு. பெயர்தான் வேண்டுகோள், மறுத்தால் தண்டம். அந்நாட்களில் பிரபு உணவளிப்பார். 'ஏல்' என்னும் வாற்கோதுமை மது ஊற்றப்படும் நாளுக்கு ஒரு பெயர், ஊற்றப்படாத நாளுக்கு வேறு பெயர். ரொட்டி எத்தனை, மீனா இறைச்சியா என்பதெல்லாம் ஏட்டில் எழுதப்பட்டிருந்தன. தன் கதிர் வயலில் முற்றிச் சாய்ந்து கிடக்க, மேகம் திரண்டு வர, அந்த நல்ல வெயில் நாளில் பிரபுவின் கதிரை அறுக்கச் செல்பவனின் நெஞ்சம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை மட்டும் எந்த ஏடும் எழுதவில்லை.

விளைச்சலோ சொற்பம். கோதுமை ஒன்று விதைத்தால் மூன்று அல்லது நான்கு கிடைக்கும். அதில் ஒன்று மறு விதைக்கு. பத்தில் ஒரு பங்கு மாதாகோயிலுக்கு. பிரபுவின் ஆலையிலேயே மாவரைக்க வேண்டும் என்பதால் அங்கும் ஒரு பங்கு போகும். மிஞ்சியது கரடுமுரடான ரொட்டி, பட்டாணியும் கீரையும் இட்ட கூழ், ஏல், எப்போதாவது பன்றியிறைச்சி. அந்தப் பன்றியைக் காட்டில் மேய விடுவதற்கும் ஒரு கட்டணம் இருந்தது.

கட்டணங்களின் பெயர்களை அடுக்கினால் நம் அலுவலகத்துப் படிவங்களே தோற்றுவிடும். மூன்றை மட்டும் சொல்கிறேன். குடியானவன் இறந்தால் அவனுடைய கால்நடைகளில் சிறந்தது பிரபுவுக்குச் சேரும். இது 'ஹெரியட்'. இரண்டாவது சிறந்ததைப் பாதிரியார் கேட்டுப் பெறுவார். கணவனை இழந்தவள் வீட்டிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன என்றால், அது எத்தகைய அடி என்பதை மாடு வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் அறிவர். மகளுக்கு மணம் செய்விக்கப் பிரபுவின் இசைவு வேண்டும். அதற்கு ஒரு தொகை. இது 'மெர்ச்செட்'. (மணமகளின்மீது பிரபுவுக்கு வேறோர் இழிந்த உரிமை இருந்ததாகத் திரைப்படங்களும் கதைகளும் காட்டும். அதற்கு ஏட்டில் சான்று இல்லை. உண்மைக் கொடுமை காசு வடிவில் இருந்தது, அதுவே போதும்.)

மூன்றாவது கட்டணம்தான் நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர் நின்று கவனிக்க வேண்டியது. வில்லின் தன் மேனரை விட்டு வெளியே சென்று வாழ விரும்பினால், பிரபுவிடம் இசைவு பெற்று ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டிவரவேண்டும். அதற்குச் 'செவேஜ்' என்று பெயர். தொகை பெரிதன்று. சில காசுகள், அல்லது ஓரிரு சேவல்கள். பிரபுவுக்கு அந்தச் சேவலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கே இருந்தாலும் நீ என்னுடையவன் என்பதை ஆண்டுக்கொருமுறை அவன் வாயாலும் கையாலும் ஒப்புக்கொள்ளச் செய்வதே நோக்கம். ஊரில் இருக்கும் தமையன் வழியாகவோ தந்தை வழியாகவோ இது கட்டப்பட்டது. கட்டாமல் ஓடிப்போனவனைக் கொண்டுவந்து சேர்க்குமாறு உறவினர்க்கு மன்றம் ஆணையிடும், அவர்கள் கொண்டுவர மாட்டார்கள், அபராதம் விழும், அடுத்த மன்றத்தில் அதே ஆணை, அதே அபராதம். ஒரே மனிதனின் பெயர் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் ஏட்டில் தொடர்வதைக் காணலாம். அரசனிடம் சாசனம் பெற்ற நகரம் ஒன்றில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால், பல இடங்களில், அவன் உரிமை பெற்றவனாகக் கருதப்பட்டான். அந்த ஓராண்டும் ஒரு நாளும் நகரத்தில் அவன் எந்தச் சந்தில், எந்த வேலையில், எவர் வீட்டுத் திண்ணையில் ஒளிந்திருந்தானோ!

இவற்றையெல்லாம் வசூலித்தவன் யார்? பிரபு அன்று, பெரும் பிரபுக்களுக்கு மேனர்கள் பல, எல்லாவற்றிலும் அவர்கள் குடியிருக்கவில்லை. ஊரில் இருந்து வேலை வாங்கியவன் 'ரீவ்' என்னும் மணியக்காரன். அவனும் ஒரு வில்லின்தான். பெரும்பாலும் ஊராரே தம்முள் ஒருவனைத் தேர்ந்தனர். அவன் பதவியில் இருக்கும்வரை வார வேலை இல்லை. ஆனால் விதைத்தது, அறுத்தது, விற்றது, செத்த ஆடு, உடைந்த கலப்பைக் கொழு அனைத்துக்கும் அவனே பொறுப்பு. செப்டம்பர் 29ஆம் நாள் வரும் புனித மைக்கேல் திருநாளில் ஆண்டுக் கணக்கு முடியும். தணிக்கையாளர் வருவர். குறைந்த தொகையை அவன் தன் கையிலிருந்து கட்டவேண்டும். எழுத்தறியாத அவன் ஆண்டு முழுவதும் கணக்கை நினைவிலும் குச்சிகளிலும் வைத்திருந்தான். ஒரு குச்சியில் தொகைக்கேற்ப வெட்டுகள் வெட்டி, நெடுக்காகப் பிளந்து, பாதி கொடுத்தவனிடமும் பாதி பெற்றவனிடமும் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் எவனோ திருத்தியிருக்கிறான். அடிக்கட்டையும் மேல்தாளுமாக இன்று நாம் கிழித்துக் கொடுக்கும் ரசீதுக்கு அதுவே மூதாதை எனலாம். அரசாங்கக் கருவூலமே இக்குச்சிகளை நெடுங்காலம் பயன்படுத்தியது. பயனற்றுப்போன பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16இல் அடுப்பிலிட்டு எரிக்கப்போய், லண்டன் பாராளுமன்றக் கட்டிடமே எரிந்து சாம்பலாயிற்று. பழைய காகிதங்களைக் கழிக்கும் பொறுப்பிலுள்ள அன்பர்கள் கவனிக்க!

இப்பதவியை விரும்பாமல் பணம் கட்டி விலகிக்கொண்டவர்கள் உண்டு. தணிக்கையாளரையே ஏய்த்துச் செல்வம் சேர்த்தவர்களும் உண்டு. கவிஞர் சாசர் தம் கான்டர்பரிக் கதைகளில் அத்தகைய ரீவ் ஒருவனைப் படைத்திருக்கிறார். மேற்பார்வையாளர்களுக்கென்றே அக்காலத்தில் நூல்களும் தோன்றின. 13ஆம் நூற்றாண்டில் ஹென்லி ஊர் வால்ட்டர் என்பவர் எழுதிய வேளாண்மை நூல், கட்டாய வேலைக்காரர்கள் ஏமாற்றுவார்கள், விழிப்பாயிருக்கவேண்டும் என்று அறிவுறுத்துகிறது. குதிரையைவிட எருதே சிக்கனம். கிழடான எருதைக் கொழுக்கவைத்து உண்ணலாம், குதிரையில் தோல்தான் மிஞ்சும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. கூலியில்லா வேலையில் மனம் ஏன் ஒட்டவில்லை என்ற ஆராய்ச்சி அதில் இல்லை.

மேனருக்கு ஒரு மன்றம் உண்டு. சில வாரங்களுக்கொருமுறை பிரபுவின் காரியஸ்தர் தலைமையில் கூடும். வில்லினுக்குத் தன் பிரபுமேல் அரசனுடைய நீதிமன்றத்தில் நில வழக்குத் தொடர உரிமை இல்லை. இந்த மன்றமே அவனுக்கு எல்லாம். வேலைக்கு வராதவன், வரப்பை நகர்த்தியவன், தண்ணீர் கலந்த ஏல் விற்றவள், கடன் திருப்பாதவன் என்று வழக்குகள் ஒவ்வொன்றாக வரும். வழக்கம் எது என்று சொல்பவர்கள் ஊராரே. "எங்கள் தந்தையர் காலத்திலிருந்து இவ்வாறுதான்" என்று பன்னிருவர் கூறினால், காரியஸ்தரும் அதை எளிதில் தள்ள இயலாது. ஓர் எழுத்தர் ஓரமாக அமர்ந்து நடந்ததை இலத்தீன் மொழியில் ஆட்டுத்தோலில் எழுதுவார். தோல்களைத் தைத்துச் சுருட்டி வைப்பர். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இச்சுருள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. வின்செஸ்டர் ஆயரின் பண்ணைகளுக்கு 1208-09ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்தே ஏடுகள் உள்ளன. குடியானவனுக்குப் படிக்கத் தெரியாது, மொழியும் அவனுடையதன்று. ஆயினும் அவன் தந்தை எவ்வளவு நிலம் வைத்திருந்தான், எத்தனை நாள் வேலை செய்தான், எந்தக் காசைக் கட்டினான் என்பதெல்லாம் அதில் இருந்தன. அவனைக் கட்டிய கயிறு அது.

கயிற்றை அறுக்க அவன் முயன்ற கதைக்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் நகரம். அங்கே பிரபு ஒரு போர்வீரன் அல்லன், துறவிகள் மடம். 1327இல் மடாதிபதியான ரிச்சர்ட், வாலிங்ஃபோர்டில் ஒரு கொல்லரின் மகன். இளமையில் தந்தையை இழந்து ஒரு துறவியால் வளர்க்கப்பட்டு, ஆக்ஸ்போர்டில் கற்று, வானியல் காட்டும் அரிய கடிகாரம் ஒன்றை வடிவமைத்த பேரறிஞர். அந்த அறிஞர்தான் ஊரார் வீடுகளில் இருந்த கைத்திரிகைக் கற்களைப் பறித்தார். வீட்டில் அரைத்தால் மடத்து ஆலைக்கு வருவாய் குறையும் அன்றோ! பறித்த கற்களை மடத்தின் கூடத்தில் தளமாகப் பதித்துவிட்டார். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் ஊரார் தம் வீட்டுத் திரிகைக்கல்லின்மேல் நடந்தே வரவேண்டியதாயிற்று. எளிய குடியில் பிறந்தவர் எளியோர் நிலை அறிவார் என்று நாம் எதிர்பார்ப்போம். மடத்தின் வரவு செலவைக் கையில் எடுத்தவர்க்கு அது நினைவில் நில்லாது போலும்.

1348இல் கொள்ளைநோய் இங்கிலாந்தில் இறங்கியது. ஓரிரண்டு ஆண்டுகளில் மக்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை மாண்டனர். நிலம் இருந்தது, உழ ஆள் இல்லை. உயிர் பிழைத்தவன் முதன்முறையாக "என்ன கூலி தருவீர்?" என்று கேட்டான். 1349இல் அரசாணையும் 1351இல் சட்டமும் பிறந்தன: நோய்க்கு முன்னிருந்த கூலிக்கு மேல் எவரும் கேட்கலாகாது, கொடுக்கலாகாது. அடுத்த மேனரின் பிரபுவே இரவில் ஆள் அனுப்பிக் கூடுதல் கூலி பேசும்போது சட்டம் என்ன செய்யும்? செவேஜ் கட்டாமல் ஓடினோர் தொகை பெருகிற்று.

ஓடாதவர்கள் என்ன செய்தனர் என்பதே எனக்கு மிகச் சுவையாயிருக்கிறது. 1377இல் தென் இங்கிலாந்தில் ஏறத்தாழ நாற்பது ஊரார், பணம் திரட்டி, அரசாங்கத்திடம் டூம்ஸ்டே ஏட்டின் படி கேட்டு வாங்கினர். தங்கள் ஊர் பண்டு அரசனுக்கே உரியது, ஆகவே வார வேலை செல்லாது என்று காட்டுவதற்காக! முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வரி வாங்க எழுதிய ஏட்டை, வரி கொடுத்தவனின் பேரன் தன் பக்கச் சான்றாக்க முயல்கிறான். பாராளுமன்றத்துப் பிரபுக்கள் நடுங்கி அதைத் தடுத்துவிட்டனர்.

அதன்பின் தலைவரி வந்தது. ஆளுக்கு 4 பென்னி என்று 1377இல் தொடங்கி, 1380இல் 12 பென்னி ஆயிற்று. 1381 மே இறுதியில் எசெக்ஸில் மூண்ட தீ கென்டுக்குப் பரவி, ஜூன் 13இல் வாட் டைலர் தலைமையில் மக்கள் லண்டனுக்குள் புகுந்தனர். அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது 14. மறுநாள் மைல் எண்ட் என்னுமிடத்தில் அவர்கள் அவனைக் கண்டு கேட்டவை: பண்ணையடிமை ஒழியவேண்டும், ஏக்கருக்கு 4 பென்னி குத்தகை போதும். அரசன் இசைந்தான். எழுதித் தருமாறு கேட்டனர். முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்தர்கள் அமர்ந்து உரிமைச் சாசனங்களை எழுதித் தள்ளினார்கள் என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் புரோய்சார் கூறுகிறார். அந்த எழுத்தர்கள் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அத்தகைய நாள் ஒன்றைக் கண்டிருக்க மாட்டார்கள்.

நாடெங்கும் கிளர்ந்தவர்கள் பல ஊர்களில் முதலில் தேடியது பொன்னையன்று, மன்றச் சுருள்களை. கொண்டுவந்து தெருவில் குவித்து எரித்தனர். செயின்ட் ஆல்பன்ஸிலும் மடத்து ஏடுகள் எரிந்தன. ஆனால் ஒன்றை மட்டும் எரிக்காமல் தேடினர். பண்டைக்கால ஆஃபா மன்னன் ஊராருக்கு அளித்த சாசனம் ஒன்று, பொன்னெழுத்தும் நீலவெழுத்துமாகத் தீட்டப்பட்டது, மடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினர். மடாதிபதி அப்படியொன்று இல்லை என்றார். அவர்கள் நம்பவில்லை. இறுதியில் புதிய சாசனம் ஒன்றை எழுதி வாங்கினர். கூடத்தின் தளத்தைப் பெயர்த்து, தம் பாட்டன்மாரிடமிருந்து பறித்த திரிகைக்கற்களை எடுத்தனர். அவற்றை அரைக்கக்கூட வைத்துக்கொள்ளவில்லை. சிறுசிறு துண்டாக உடைத்து, கோயிலில் அப்பம் பகிர்வதுபோல் ஆளுக்கொரு துண்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். ஐம்பது ஆண்டுகளாக அவர்கள் மறக்காதிருந்தார்கள். இச்செய்தியை எழுதி வைத்தவர் அம்மடத்துத் துறவியான தாமஸ் வால்சிங்காம். அவர்களை வெறுத்தே எழுதினார், ஆயினும் எழுதினார்.

ஜூன் 15இல் டைலர் ஸ்மித்ஃபீல்டில் அரசன் கண்முன்னே வெட்டப்பட்டார். ஜூலை 2இல் சாசனங்கள் அனைத்தும் செல்லாவென அறிவிக்கப்பட்டன. செயின்ட் ஆல்பன்ஸ் மக்களின் தலைவர் வில்லியம் கிரிண்ட்காப் பிடிபட்டார். ஊராரிடம் பேசிச் சாசனத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தால் உயிர் பிழைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் அவர் பிணையில் விடப்பட்டார். அவரோ தம் உயிரைப் பொருட்படுத்தாது உறுதியாயிருங்கள் என்று ஊராருக்குச் சொல்லிவிட்டுச் சிறைக்குத் திரும்பினார், தூக்கிலிடப்பட்டார். சாசனமும் பறிபோயிற்று.

பிரபுக்கள் வென்றனர் என்று பள்ளிப் பாடங்கள் இங்கே முடியும். ஆனால் ஆள் பஞ்சத்தை எந்த ஆணையும் தீர்க்கவில்லை. 1391இல் மக்கள் அவையார், வில்லின்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதவாறு தடுக்கவேண்டும் என அரசனிடம் மனுச் செய்தனர். படித்துவிட்டால் பிள்ளை குருமாராகிக் கைநழுவிப் போவான் என்ற அச்சம். அரசன் அம்மனுவை ஏற்கவில்லை. 1406இல் எவரும் தம் மகனையோ மகளையோ எப்பள்ளிக்கும் அனுப்பலாம் என்று சட்டமே வந்தது. பிரபுக்கள் பண்ணை நிலத்தைத் தாமே உழுவிப்பதை விட்டுக் குத்தகைக்கு விட்டனர். வார வேலை காசாக மாறிற்று. காசின் மதிப்பு நூற்றாண்டுதோறும் தேய்ந்தது. பண்ணையடிமையை ஒழிக்கும் சட்டம் என்று இங்கிலாந்தில் ஒன்று இயற்றப்படவேயில்லை. அது தானாக உதிர்ந்தது. அரசு நிலங்களில் எஞ்சியிருந்த சிலரை எலிசபெத் அரசியார் 1574இல் விடுவித்தார். பிரான்சில் 1789 ஆகஸ்ட் 4 இரவுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ருஷ்யாவில் 1861 வரை.

உதிர்ந்தபோது அந்தச் சுருளுக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கதையில் வியப்பான பகுதி. நிலம் கைமாறும்போது மன்றத்தில் குடியானவன் ஒரு கோலைக் காரியஸ்தர் கையில் கொடுப்பான். அது நிலத்தை ஒப்படைத்ததற்கு அடையாளம். புதியவன் அதே கோலைப் பெறுவான். எழுத்தர் சுருளில் பதிவார். அப்பதிவின் படி ஒன்றை எழுதிக் குடியானவன் கையிலும் கொடுக்கும் வழக்கம் பரவிற்று. "சுருளின் படியால் நிலம் உடையவன்" என்று அவனுக்குப் பெயர்; 'காப்பிஹோல்டர்'. 16ஆம் நூற்றாண்டில் அரசனுடைய நீதிமன்றங்களும் அந்தப் படியைச் சான்றாக ஏற்றன. பாட்டனைக் கட்டிய கயிறு பேரனுக்குப் பட்டாவாயிற்று. சுருளை எரித்துவிட்ட ஊர்களில் பின்னர் தம் உரிமையைக் காட்ட முதியோர் நினைவைத் தவிர வேறொன்றும் இல்லாது திண்டாடியவர்களும் இருந்திருப்பர்.

எல்லார்க்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. வழிவழி உரிமை என்று சுருளில் இருந்தவன் பிழைத்தான். ஓர் ஆயுளுக்கு மட்டும் என்று இருந்தவனைக் காலம் முடிந்ததும் வெளியேற்ற முடிந்தது. குடிசையும் பொது மேய்ச்சலும் மட்டுமே உடையவன் பெயரில் பதிவே இல்லை. ஆட்டு மயிருக்கு விலை ஏறியபோதும், 18ஆம் நூற்றாண்டில் பாராளுமன்றச் சட்டங்களால் பெருவயல்கள் வேலியிடப்பட்டபோதும், முதலில் தெருவுக்கு வந்தவர்கள் இவர்களே. இவர்களுக்கு இப்போது செவேஜ் இல்லை, ஹெரியட் இல்லை, நிலமும் இல்லை. புதிய ஆலை நகரங்களை நோக்கி நடந்தவர்களில் இத்தகையோர் பலர்.

காப்பிஹோல்டு முறை 1922இல் இயற்றப்பட்ட சொத்துச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, 1926 ஜனவரி முதல் நாளில் முடிவுக்கு வந்தது. லண்டனில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான், இங்கிலாந்தின் கடைசிக் குடியானவன் மேனர் மன்றத்தின் பிடியிலிருந்து நீங்கினான். மன்றங்கள் போனாலும் சுருள்கள் வீணாகிவிடக் கூடாதென்று அவற்றுக்கு ஒரு பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. இன்று அதை இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் பேணி வருகிறது. சுருள்களைத் தனியார் வைத்திருக்கலாம். ஆனால் உரிய இசைவின்றி அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லுதல் கூடாது என்பது விதி.